நோர்பரி வீட்டுக்கு முதலில் வந்தவர்

கம்சிகா வடிகால் பொறியியலாளர். வாடகை வீடு பார்க்கப் போனால் முதலில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பாள். பிறகு ஜன்னலுக்குக் கீழே சுவரைத் தடவிப் பார்ப்பாள். வாடகை கட்டுப்படியானால் சுவர் ஈரமாக இருந்தது. சுவர் காய்ந்திருந்தால் வாடகை கட்டுப்படியாகவில்லை.

கணவன் அர்ஜுனுக்கு ஹீத்ரோ விமான நிலையத்தில் ஷிப்ட். அவளுக்கு வேலை குரோய்டனில். கல்யாணம் முடித்து லண்டன் வந்ததிலிருந்து ஹவுன்ஸ்லோவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மேல்மாடி அறையில் இருந்தார்கள். இப்போது அந்த வீட்டுக்காரரின் மகனுக்கு அறை தேவைப்பட்டது. மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். கோயிலுக்குக் கிட்ட என்று விம்பிள்டனை ஆசைப்பட்டார்கள். விளம்பரத்தில் வாடகையைப் பார்த்ததோடு அந்த ஆசை போய்விட்டது.

ஒவ்வொரு வீடும் பார்த்து முடிய அவள் யாழ்ப்பாணத்தில் கொக்குவில் வீட்டுக்கு அழைப்பாள். அங்கே இரவு வெகுநேரம் ஆகியிருக்கும். என்றாலும் அப்பா பரமேஸ்வரன் விழித்திருப்பார்.

"ஈரம் இருக்கோ?"

"இருக்கு அப்பா."

"அப்ப விடு. நெஞ்சுக்குக் கூடாது. வேற பார்."

நெஞ்சு நொந்தது அவருக்குத்தான். ஒரு காலையில் கதிரையில் உட்கார்ந்தபடியே உயிர் போய்விட்டது.

கம்சிகாவின் பாஸ்போர்ட் விசா நீட்டிப்புக்குப் போயிருந்தது. ஊருக்குப் போக முடியவில்லை. செத்தவீட்டைப் போனில் பார்த்தாள். அங்கே போனைப் பிடித்திருந்தவரின் கை ஆடிக்கொண்டே இருந்ததால், அப்பாவின் முகத்தைவிடப் பந்தலின் கூரையே அதிகம் தெரிந்தது. அர்ஜுன் ஷிப்டில் இருந்தான். கீழே வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் சாவுத் தீட்டு, வீட்டில் துடக்கு என்று இன்றைக்கே போகச் சொல்வாரோ என்று பயம். பிறகு வேலைக்குப் போனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு யாருக்கும் விஷயம் தெரியாது.

நோர்பரி வீடு அதற்குப் பிறகுதான் வந்தது. கடைக்கு மேலே ஒரு அறையும் சமைக்கக் குசினியும். சுவர் காய்ந்திருந்தது. வாடகையும் தாங்கக்கூடியது. ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். போனைக் கையில் எடுத்த பிறகுதான், சொல்வதற்கு அப்பா இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

வீட்டுச் சொந்தக்காரி தவநாயகி யாழ்ப்பாணத்துக்காரி, கணவனை இழந்தவர். மூச்சு விடாமல் பேசினார்.

"காசு பிந்தினாலும் பொறுப்பன் பிள்ளை. ஆனா பால் காய்ச்சாமக் குடிபுக விடமாட்டன். முந்தி இருந்தவை மைக்ரோவேவில சூடாக்கிப்போட்டு வந்தவை. ஆறு மாதத்தில டிவோர்ஸ்."

அர்ஜுன் சிரித்தான்.

"சிரியாதையும் தம்பி. வெள்ளிக்கிழமை காலமை நல்ல நேரம். நானும் வருவன். நீல மூடிப் பால் வாங்குங்கோ, அதுதான் முழு ஆடைப் பால். பச்சை மூடி பொங்காது." பிறகு அவளிடம் திரும்பினார். "கொக்குவில் எண்டனீர். அப்பா என்ன செய்யிறார்?"

"ரிட்டயர் ஆயிட்டார், அன்ரி."

அந்தப் பதில் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பஸ்ஸில் அவள் சொன்னாள். "அப்பான்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியேல்லை. துடக்கோட எப்பிடிப் பால் காய்ச்சுறது?"

"சொன்னா வீட்டை வேற ஆக்களுக்குக் குடுத்திடுவா. பிறகு எங்க போறது? சொல்லாத கம்சி. லண்டனில ஆருக்குத் தெரியப்போகுது?"

ஆருக்கும் தெரியாது. அதுதான் அவளை வருத்தியது.

வெள்ளிக்கிழமை சூட்கேஸ்களோடு வந்து சேர்ந்தார்கள். தவநாயகி பட்டுச் சேலையில், புதுப் பானையோடு நின்றார். குசினியில், வாசலில் நறுக்கி வைக்கத் தேசிக்காயும் குங்குமமும் தயாராக இருந்தன. அடுப்பு மூட்டியாயிற்று. பாலின் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியபோது அவர் கைதட்டினார்.

"பிள்ளை, ஓடிவந்து அப்பாவை வட்ஸ்அப்பில எடுங்கோ. மகளின்ர வீட்டில பால் பொங்குறதைப் பாக்கட்டும். எல்லாரையும் நான் அப்பிடித்தான் செய்விக்கிறனான்."

அர்ஜுன் முந்திக்கொண்டான். "அங்க சிக்னல் இல்லை, அன்ரி."

"கொக்குவிலில சிக்னல் இல்லையோ? நேற்றும் என்ர தங்கச்சியோட கதைச்சனான். எடும் பிள்ளை, பால் எழும்புது."

கம்சிகா அடுப்பைப் பார்த்தாள். பால் பானையின் கழுத்தைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

"அப்பா இல்லை, அன்ரி. மோசம் போயிட்டார்."

"எப்ப?"

"இந்த மாசம். அந்தியேட்டி இன்னும் இல்லை."

தவநாயகி அடுப்பை நிறுத்தினார். எழும்பிய பால் அமர்ந்தது. அவர் குங்குமத்தை மூடி, தேசிக்காயைப் பையில் போட்டார். அர்ஜுன் அவசரமாகக் குறுக்கிட்டான். "அன்ரி, எங்களுக்குப் போக இடமில்லை, அதுதான்..."

"நீர் கொஞ்சம் பேசாம இரும் தம்பி."

வீட்டில் கதிரை கிடையாது. தவநாயகி ஒரு சூட்கேஸை இழுத்து, பட்டுச் சேலையோடு அதன் மேல் உட்கார்ந்தார். கம்சிகாவைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

"அப்பாவுக்கு என்ன வருத்தம்? எப்பிடிப் போனவர்?"

லண்டனில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கம்சிகா சொன்னாள். கதிரையை, நெஞ்சு நோவை, பந்தலின் கூரையை. சொல்லும்போதே அழுதாள். தவநாயகி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அழாதே என்று சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து எழுந்தார். "சாமிப்படம் இப்ப வைக்கவேண்டாம். சாமான்களை அடுக்குங்கோ. அந்தியேட்டி முடிஞ்ச பிறகு பால் காய்ச்சுவம்." சாவியை ஜன்னலோரத்தில் வைத்தார். பிறகு ஒரு சொல்லும் இல்லாமல், திரும்பியும் பாராமல் படியிறங்கினார்.

"கோவமோ?" அர்ஜுன் பதறினான். "போயிட்டு வாறன் எண்டுகூடச் சொல்லேல்லை. கூப்பிடட்டோ?"

"கூப்பிடாதேங்கோ. செத்தவீட்டில இருந்து போகேக்க சொல்லிக்கொண்டு போறேல்லை."

அவன் பின்னேர ஷிப்டுக்குப் போனான். கீழே கடையின் ஷட்டர் ஒருமுறை சத்தமிட்டு அடங்கியது. கம்சிகா வெறும் தரையில் உட்கார்ந்து அம்மாவுக்கு அழைத்தாள்.

"வீடு எப்பிடி பிள்ளை?"

"ஈரமில்லை அம்மா."



"தனியவோ இருக்கிறாய்?"

"ஓம். ஒரு அன்ரி வந்தவ. அப்பாவை விசாரிச்சவ. சொல்லாமல் போனவ."

"ஆர் எண்டாலும் முறை தெரிஞ்ச மனிசி," என்றார் அம்மா. அதன் பிறகுதான் அழுதார். இந்த முனையில் அவளும்.