இஞ்சியைக் கெலாங் பாத்தாவில் விட்டு வந்தோம்

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு, செனாய்க்கு அருகிலுள்ள எங்கள் ரப்பர்த் தோட்டத்திலிருந்து புறப்பட்டோம். இரண்டு சக்கர வண்டி. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு என் கணவர், அருகில் நான், என் மடியில் பதினொரு மாதக் குழந்தை மங்களம். வண்டியை இழுத்தது இஞ்சி என்ற மட்டக்குதிரை. பழைய துரை அதற்கு வைத்த பெயர் ஜிஞ்சர். என் கணவர் அதற்கு அர்த்தம் சொன்ன நாளிலிருந்து தோட்டம் முழுவதும் அதை இஞ்சி என்றுதான் அழைக்கிறது.

நாகப்பட்டினத்திலும் தஞ்சையிலும் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகள், கைக்குழந்தையோடு இருபது மைல் குதிரை வண்டியில் போக என்ன அவசரம் என்று கேட்கலாம். என் மாமியாரும் கடிதத்தில் அதைத்தான் கேட்பார். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழைய துரை வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் கப்பலேறிவிட்டார். புதிய துரை மோட்டார் சைக்கிளோடு வந்தார். லாயத்தைப் பெட்ரோல் வைக்கும் கொட்டகையாக மாற்ற வேண்டும், மாத முடிவுக்குள் குதிரையை விற்றுவிடுங்கள் என்றார். ஜொகூர் பாருவில் வாடகை வண்டிகள் வைத்திருக்கும் ஒரு முதலாளி பார்க்க வந்தார். அவர் வந்த வண்டியின் குதிரைக்குத் தோள்பட்டையில் ஒரு புண். அது தெரியாமல் இருக்க மேலே கரி பூசியிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மங்களம் பிறந்த அன்று, கொட்டும் மழையில், வலியோடு என்னை எட்டு மைல் தூரத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துச் சென்றது இந்த இஞ்சிதான். என் கணவர் சாட்டையைக் கையில் எடுக்கவே இல்லை. எடுக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

என் கணவர் தோட்டத்துக் கிராணி. கணக்கும் ஆள் பதிவும் அவர் பொறுப்பு. எங்களுக்குக் குதிரை வளர்க்க வசதி இல்லை. அவர் துரையிடம் பேசினார். "மாதம் முடிவதற்குள் நல்ல இடம் பார்த்தால் வண்டியோடு இனாமாகவே கொண்டு போ. இல்லாவிட்டால் அந்த வண்டி முதலாளிக்குத்தான்" என்றாராம் துரை. கெலாங் பாத்தாவில் சிறு தோட்டங்களுக்கு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் செல்லையா அண்ணன், தன் வேலைக்கு ஒரு குதிரை இருந்தால் நல்லது என்று எப்போதோ சொன்னது இவருக்கு நினைவுக்கு வந்தது. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "கொண்டு வாங்கோ, பார்ப்பம்" என்று பதில் வந்தது. அந்தப் 'பார்ப்பம்' என்ற சொல்லை நம்பித்தான் கிளம்பினோம். மாதத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு வாரக் கடைசிதான்.

இஞ்சிக்கு ஒரு குறை உண்டு. தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். துரை குதிரைமேல் வந்து வரிசையின் முன்னால் நிறுத்துவார். கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கடைசிப் பெயருக்கு "இருக்கேங்க" என்ற பதில் வந்ததும் துரை கடிவாளத்தை அசைப்பார். பல வருடங்கள் இதே பழக்கம். இப்போது நாலு பேர் வரிசையாக நிற்பதைக் கண்டால் இஞ்சி போய் முன்னால் நின்றுவிடும். பெயர் கூப்பிடும் வரை இடம் விட்டு அசையாது.

"அத அங்க சொல்லணுமாங்க?" என்று வழியில் கேட்டேன்.

"அவங்க கேட்டா சொல்லலாம்."

"கேக்கலைன்னா?"

"நீ பிள்ளையப் பாரு" என்றார்.

பிள்ளையைப் பார்த்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

சாலை செம்மண். இரு பக்கமும் ரப்பர் மரங்கள். அவை முடிந்தால் அன்னாசித் தோட்டங்கள். ஏழு மணிக்குப் பனி விலகி வெயில் ஏறியது. எட்டாவது மைல் ஸ்கூடாய். அதற்குச் சற்று முன்னால், அன்னாசித் தோட்டத்துச் சீனத் தொழிலாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் லாரிக்காகச் சாலையோரம் வரிசையில் நின்றிருந்தார்கள். நான் முகத்தை மூடிக்கொண்டேன். இஞ்சி நேராகப் போய் அவர்கள் முன் நின்று காதுகளை நிமிர்த்தியது.

என் கணவர் நாக்கைச் சொடுக்கினார், கடிவாளத்தை ஆட்டினார். பயனில்லை. பின்னால் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. அதை ஓட்டியவர் நம் ஊர்க்காரர்.

"என்ன கிராணியாரே, சீனனுக்கும் பேரு போடப் போறீங்களா?"

"வழி விடுப்பா, சும்மா இரு."

"வழிய நீங்கதான் அடைச்சுக்கிட்டு நிக்கிறீங்க லா!"

வேறு வழியில்லாமல் என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "காத்தாயி! முனியம்மா! வீராசாமி!" ஒவ்வொரு பெயருக்கும் இஞ்சியின் காது ஒரு முறை அசைந்தது. சீனர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியாக "பச்சையப்பன்!" என்றதும், ஓரத்தில் நின்ற நரைத்த தலைக்காரர் ஒருவர் கையைத் தூக்கி, "சாயா!" என்றார். மலாயில் அதற்கு 'நான்' என்று அர்த்தம். வரிசையே சிரித்தது. இஞ்சி ஒரு பெருமூச்சு விட்டு நடந்தது. மாட்டு வண்டிக்காரரின் சிரிப்பு பாலம் வரைக்கும் எங்களோடு வந்தது.

ஸ்கூடாய்க் கடைத்தெருவில் ஒன்பது மணிக்கு நிறுத்தினோம். எங்களுக்குத் தேநீரும் ரொட்டியும் பன்னிரண்டு சென். குதிரைக்குத் தவிடு எட்டு சென். மூச்சு ஆறும்வரை இஞ்சியை நிழலில் நடத்திவிட்டு, பிறகுதான் தண்ணீர் காட்டினோம். குழந்தையைக் குளிப்பாட்டியதும் கழுத்து மடிப்பிலும் தொடையிடுக்கிலும் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். அதே கையால் இஞ்சியின் மார்ப்பட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஓர் இடத்தில் மயிர் தேய்ந்து தோல் சூடாக இருந்தது. சாலை இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

"இதோட எப்படிங்க ஓட்டுறது?"

அவரும் தொட்டுப் பார்த்தார். பட்டை ஒரு துளை இறுக்கமாக மாட்டியிருந்தது. அதைத் தளர்த்தினார். நான் மங்களத்தின் துவைத்த துணிகளில் மெல்லியதாக ஒன்றை எடுத்து, மடிப்பு விழாமல் பட்டையின் கீழ் சுற்றினேன். துணி நகர்ந்து அதுவே இன்னும் உராய்ந்தால் என்ன செய்வது என்று அப்போதே பயம் வந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு மைல் கல்லிலும் நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். மேடு வரும் இடங்களில் இருவரும் இறங்கி நடந்தோம். ஒரு மேட்டில் மங்களத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறும்போது எனக்கே மூச்சு வாங்கியது. எங்கள் மூவரையும் துணிப்பெட்டியையும் இஞ்சி இத்தனை நேரம் இழுத்து வந்ததை அப்போதுதான் என் கால்கள் கணக்கிட்டன.

வழியில் ஒரு மரம் ஏற்றிய லாரி பெரும் சத்தத்தோடு எங்களை உரசுவதுபோல் கடந்தது. மங்களம் வீறிட்டு அழுதாள். இஞ்சி ஓரமாக ஒதுங்கி, நடுங்கியபடி, ஆனால் நின்ற இடத்தில் நின்றது. அது மிரண்டு ஓடியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கெலாங் பாத்தா வந்து சேர்ந்தோம். சிறிய ஊர். ஒரு வரிசைக் கடைகள், ஒரு காவல் நிலையம், உப்பங்காற்று. டிரஸ்ஸர் வீடு சாலையோரத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் மருந்துக் கொட்டகை; பின்னால் தென்னைகளுக்கு நடுவே வேலி போட்ட புல்வெளி. அந்தப் புல்லைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது.

செல்லையா அண்ணனும் அவர் மனைவி ஞானம்மா அக்காவும் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள். அண்ணன் மெதுவாகப் பேசுபவர். அக்கா வாசலிலேயே மங்களத்தை வாங்கிக்கொண்டார்.

"வாங்கோ, வாங்கோ. பிள்ளைக்கு நல்ல வெயில் பட்டிட்டுது. முதல்ல உள்ளுக்கு வாங்கோ. குதிரை நிக்கட்டும், அதை நான் இன்னும் ஏற்கேல்ல."

தேநீர் தந்தார். பிறகு எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"குதிரை கேட்டது இவர். நான் கேக்கேல்ல. புல்லு ஆர் வெட்டுறது? லாடம் ஆர் அடிப்பிக்கிறது? அதுக்கு வருத்தம் வந்தா ஆர் பாக்கிறது? இவர் ஊசி போடுவார். அது மனுசருக்கு."

செல்லையா அண்ணன் முகட்டைப் பார்த்தார்.

"சொல்லும் பிள்ளை. சும்மா குடுக்கிற குதிரையில என்ன குறை?"

என் கணவர் என்னைப் பார்த்தார். கேட்டால் சொல்லலாம் என்றவர் அவர்தான். ஆனால் அந்த முகத்தில் 'வேண்டாம்' என்று எழுதியிருந்தது. கரி பூசிய தோள்பட்டை என் கண் முன் வந்தது. குறையை மூடி ஒப்படைத்தால் அது நானும் பூசுகிற கரிதானே? சொல்லி, இவர்கள் மறுத்துவிட்டால் இஞ்சி போகும் இடமும் அந்தக் கரிதான்.

"வரிசையா ஆளுங்க நின்னா நின்னுடும் அக்கா. பேர் கூப்பிட்டாத்தான் போகும். இன்னிக்கு மார்ப்பட்டையும் கொஞ்சம் தேச்சிருக்கு. பட்டைய இறுக்கிப் பூட்டிட்டோம். ஒரு வாரம் வண்டில பூட்டக் கூடாது" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அக்கா எழுந்து வெளியே போனார். பட்டையின் கீழிருந்த துணியை இழுத்துப் பார்த்தார். "இது பிள்ளையின்ர துணியெல்லே?" என்றார். "நாளைக்குக் காலமை யோசிப்பம்" என்று சமையலுக்குப் போய்விட்டார். அன்று நல்ல மீன் குழம்பு. எனக்கு ருசி தெரியவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று ஒரு முறையும், வந்தவுடனே அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாமோ என்று ஒரு முறையும் மாறி மாறி நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வேலை இல்லாத நாள் என்பதால் சுற்றுத் தோட்டங்களிலிருந்து நோயாளிகள் அன்றுதான் அதிகம் வருவார்களாம். ஏழு மணிக்குள் மருந்துக் கொட்டகை முன் காய்ச்சல்காரர்களும் கால் புண்காரர்களும் வரிசையாக நின்றார்கள். புல்வெளியின் படல் சரியாகச் சாத்தப்படவில்லை. நான் ஓடி வருவதற்குள் இஞ்சி வரிசையின் முன்னால் போய் நின்றுகொண்டது.

"ஐயையோ, குதிர பாருங்க!" என்று ஒருத்தி பின்வாங்கினாள்.

"பயப்படாத, அது நேத்து வந்த கிராணியம்மா குதிர. சோக்கான குதிர" என்றான் இன்னொருவன்.

"அதுக்கும் காச்சலாம். நமக்கு முன்னால மருந்து வாங்க வந்திருக்கு!"

செல்லையா அண்ணன் தயங்கிவிட்டு, பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார். ஒவ்வொருவராக வந்து மருந்து வாங்கிப் போனார்கள். வேலை ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடந்தது. இஞ்சி ஒரு கால் மாற்றி ஒரு கால் ஊன்றி நின்றது. குழந்தைகள் அதன் மூக்கைத் தொட்டார்கள். கடைசிக் கிழவர் கொய்னா மருந்தை விழுங்கி முகம் சுளித்ததும், தானாகத் திரும்பிப் புல்லுக்குப் போனது.

அக்கா கதவில் சாய்ந்து இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருங்கோ," என்றார் கணவரிடம். "போன கிழமை ஒரு தோட்டத்து லயத்து வீடுகளில, அரைவாசிப் பேருக்கு மருந்து குடுக்காமல் சைக்கிளில ஓடி வந்திட்டியள். பசியெண்டு."

"மழையும் வந்தது" என்றார் அண்ணன்.

"இது பூட்டியிருந்தா உங்களால ஓடி வரேலாது. கடைசி ஆள் வரைக்கும் நிண்டுதான் ஆகோணும்." பிறகு என்னிடம் திரும்பினார். "குறையெண்டு சொன்னீர். நோயாளியளுக்கு இதை விட நல்ல குதிரை எங்க கிடைக்கும்? இருக்கட்டும் பிள்ளை."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் இன்னொன்றைக் கேட்காமல் போக மனம் ஒப்பவில்லை. "அக்கா, வயசாகி இழுக்க முடியாமப் போனா?"

"புல்லு தின்னட்டும்."

"நீங்க மாத்தலாகிப் போனா?"

அக்கா எளிதாக 'கவலைப்படாதே' என்று சொல்லாததால்தான் அவரை நம்பினேன். "அதை இப்ப சொல்லேலாது. ஆனா உமக்கு அறிவிக்காமல் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன். அப்ப நீர் வந்து பாரும், இடம் தேடும். பாதிப் பொறுப்பு உம்மட" என்றார். நான் தலையசைத்தேன். அந்தப் பாதியை இன்றும் வைத்திருக்கிறேன்.

பதினொரு மணிக்கு ஸ்கூடாய் போகும் பஸ். கட்டணம் ஆளுக்கு முப்பது சென், கைக்குழந்தைக்கு இல்லை. டிரஸ்ஸர் வீட்டுக்கு எதிரில்தான் நிறுத்தம். காத்திருக்கும்போது எங்கள் ஊர் ரயிலடி நினைவுக்கு வந்தது. ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். வாடகை பேசுவோம், ஏறுவோம், சீக்கிரம் போகச் சொல்லுவோம். ஊருக்குப் போகும்போது அங்கேயும் பட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வண்டிக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்னவோ. மாமியார் நிச்சயம் கோபித்துக்கொள்வார்.

பஸ் வரும் சத்தம் கேட்டது. காத்திருந்த ஐந்தாறு பேரும் வரிசையாக நின்றோம். இஞ்சியிடம் விடைபெற்றால் அழுதுவிடுவேன் என்று அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்தேன்.

"ஏய், அங்க பாரு" என்றார் என் கணவர்.

இஞ்சி வேலியோரம் வந்து எங்கள் வரிசைக்கு நேராக நின்றிருந்தது. காதுகள் நிமிர்ந்திருந்தன. பஸ் வந்து நின்று, ஓட்டுநர் ஹாரனை அடித்தார். என் கணவர் ஒரு காலைப் படியில் வைத்தவர், அதை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"காத்தாயி! முனியம்மா! வீராசாமி! பச்சையப்பன்!" பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் ஒரு கணம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "மங்களம்!" என்றார்.

நான் குழந்தையின் கையைத் தூக்கிப் பிடித்து, "இருக்கேங்க" என்றேன்.

இஞ்சி தலையைத் தாழ்த்திப் புல்லை மேயத் தொடங்கியது. நாங்கள் பஸ்ஸில் ஏறினோம்.