கண்டக்டர் கண்ணை மூடிக் கேட்ட புத்தகம்

கண்டக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. பல் ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, "வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி பேரைச் சொல்லுங்க" என்று வருகிறவர்களை உருட்டி மிரட்டும் ஐம்பது வயதுக்காரி அவள். சனிக்கிழமை சாயங்காலமானால் சலவைக்கடைக்கு மேலே ஒரு வாடகை அறையில் நீள மேசையைச் சுற்றி ஐந்தாறு பேரை உட்கார வைத்துக் கதை விளையாட்டு நடத்துவாள். ஆளுக்கொரு பாத்திரம். தன் பாத்திரம் என்ன செய்யப் போகிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், பகடையை உருட்ட வேண்டும். பலித்ததா கவிழ்ந்ததா என்று நடத்துபவள் சொல்வாள். கடலுக்கடியில் மூழ்கிப்போன ஒரு நகரம்தான் கதை. நகரமும் விதிகளும் அவளே உண்டாக்கியவை. நடத்துநர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மேசையிலிருந்த ஒரு வாய்த்துடுக்கு "கண்டக்டர்" என்று கூப்பிட, அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் சம்பளத்தில், இப்படி ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம் வாங்கப் போனாள். "தம்பிக்காம்மா?" என்று கேட்டார் கடைக்காரர். "எனக்குத்தான்" என்றாள். வீட்டுக்கு வந்து பிரித்தால் புத்தகமும் கடைக்காரர் கட்சிதான். ஆடுபவன் பகடையை எடுக்கிறான். நடத்துபவன் தீர்ப்புச் சொல்கிறான். அத்தனை பக்கத்திலும் தேடிப் பிடித்தால் ஒரே ஒரு பெண், அவளையும் இரண்டாம் அத்தியாயத்திலேயே யாரோ காப்பாற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வீட்டு போட்டோ ஆல்பத்தைப் பார்ப்பது மாதிரி புரட்டி மூடினாள்.

அதனால் தன் புத்தகத்தை எழுதியபோது நடத்துபவளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை "அவள்" என்றே எழுதினாள். ஆடுபவர்கள் ஓர் எடுத்துக்காட்டில் ஆண், அடுத்ததில் பெண். மற்ற எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், ஒட்டுங்கள், இதில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று பதிப்பாளரிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"எதுக்கும்மா வம்பு? அவர்னு போட்டுட்டா எல்லாருக்கும் பொதுவா போயிடுமே" என்றார் பதிப்பாளர்.

"எங்க பொதுவா போகுது? அவர்னு பாத்ததுமே படிக்கிறவங்க மனசுல மீசை முளைச்சிடுது சார்."

"வாங்குறது பூரா பசங்கதானேம்மா."

"தாராளமா வாங்கட்டும். கொஞ்ச நேரம் ஒரு பொம்பளை சொல்றதைக் கேட்டு ஆடினா ஒண்ணும் தேய்ஞ்சு போயிடமாட்டாங்க."

அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அந்தச் சிரிப்பை அவள் முழுசாக நம்பினாள். நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே பதிப்பகத்தில் பக்கங்களை வடிவமைப்பது அவளுடைய தங்கை. அந்த விளையாட்டை முதன்முதலில் ஆடியவளும் தங்கைதான். மேசையும் கூட்டமும் சேருவதற்கு முன்னால், சமையலறைத் தரையில் இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்த மூழ்கிய நகரத்தைக் கட்டினார்கள். இப்போதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் விதியைத் தங்கை உரக்கப் படித்தால்தான் ஆட்டம் தொடங்கும்.

கண்டக்டருக்குக் கணினித் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே தலைவலி மண்டையைப் பிளக்கும். அதனால் பிழைதிருத்தமெல்லாம் காது வழியாகத்தான். சோபாவில் படுத்து, ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொள்வாள். அச்சுக்குப் போகிற பக்கங்களைத் திரையில் பார்த்துத் தங்கை படிப்பாள். "நிறுத்து. அந்த இடம் நொண்டுது" என்று துண்டுக்கடியிலிருந்து குரல் வரும். தங்கை திருத்துவாள். புத்தகம் முழுவதையும் இப்படித்தான் கேட்டு முடித்தாள்.

"நடத்துபவள் முதலில் விளக்கைக் குறைக்கிறாள். அவள் சொல்லும்வரை யாரும் பகடையைத் தொடக் கூடாது."

"இன்னொரு தரம் படிடி" என்றாள் கண்டக்டர். தங்கை இன்னொரு தரம் படித்தாள். துண்டுக்கடியில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியீட்டு அன்று புத்தகக்கடையின் நடுவில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். கட்டுகள் அப்போதுதான் பிரிக்கப்பட்டு, மேசைமேல் பகடையும் புத்தகமுமாகப் பளபளத்தன. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, ஆடிப் பார்க்க வந்தவள், பகடையைக் கையில் எடுத்துக்கொண்டே முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்தாள்.

"நடத்துபவன் முதலில் விளக்கைக் குறைக்கிறான். அவன் சொல்லும்வரை யாரும் பகடையைத் தொடக் கூடாது."

சுட்டது போலப் பகடையைக் கீழே வைத்தாள். "சாரிங்க, தெரியாம எடுத்துட்டேன். நடத்துறவர் எப்ப வருவாரு?" என்று கண்டக்டரையே கேட்டாள்.

தப்பாகப் படித்திருப்பாள் என்று கண்டக்டர் புத்தகத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். தப்பே இல்லை. அடுத்த பக்கத்திலும் அவன். அதற்கடுத்ததிலும் அவன். நடத்துபவள் ஒரு முழு மேசையையும் சிரிக்க வைத்து அழ வைக்கும் நீளமான காட்சி ஒன்று உண்டு. அது நிஜமாகவே அவள் நடத்திய ஒரு சனிக்கிழமை. அதையும் எவனோ நடத்திக்கொண்டிருந்தான்.

முதலில் பதிப்பாளர்மேல்தான் கோபம் வந்தது. ஆனால் இது ஒரு பொத்தானைத் தட்டி முடிக்கிற காரியமில்லை. வாக்கியம் வாக்கியமாக உட்கார்ந்து, பொறுமையாக, ஓர் இடம் விடாமல் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அவ்வளவு சுத்தமாக வேலை செய்கிற ஆள் அந்த அலுவலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். அதற்குப் பிறகுதான் ஈரத்துண்டு ஞாபகம் வந்தது.

தங்கை கடையின் பின்னறையில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா கையில் புத்தகத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாத்தினாதான் அச்சுக்குப் போகும், இல்லைன்னா கிடப்புல போட்டுடுவேன்னு சொல்லிட்டாருக்கா. உன்கிட்ட கேட்டா வேண்டாம்னுதான் சொல்லியிருப்ப."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

"அப்ப புத்தகமே வந்திருக்காது. இப்ப பாரு, அட்டையில உன் பேரு இருக்கு."

"உள்ள நான் இல்லையேடி."

தங்கை அறுத்துப்போட்ட கட்டுக்கயிற்றை எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள்.

"மாத்தினதைக்கூட விடு. திரையில ஒண்ணு இருக்க, என் காதுல ஏன் வேற படிச்ச? ஒரு இடத்துலகூட நீ தடுமாறலையே. இன்னொரு தரம் படின்னப்பக்கூட."

"நீ அவ்வளவு சந்தோஷமா கேட்டுக்கிட்டிருந்தக்கா" என்றாள் தங்கை.

கூடப் பிறந்தவள். அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். தன் கண் மூடியிருந்த நேரம் பார்த்து இத்தனை பிரியமாக ஏமாற்றியதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கண்டக்டருக்குத் தெரியவில்லை. மேசைக்குத் திரும்பினாள்.

மருந்துக்கடைப் பெண் கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டாராங்க?"

"வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு, நடத்துபவருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் கண்டக்டர் உட்கார்ந்தாள்.

தங்கை பின்னாலேயே வந்து, வழக்கம்போல அவள் தோள் பக்கமாக நின்றாள். "முதல் விதியைப் படிக்கட்டுமாக்கா?" என்றாள், மெல்ல.

"வேண்டாம். இனிமே நானே பாத்துப் படிச்சுக்கறேன்."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அச்சில் இருந்ததை இருந்தபடியே, கடை முழுவதும் கேட்கும்படி படித்தாள். நடத்துபவன் முதலில் விளக்கைக் குறைக்கிறான். படித்து முடித்துப் புத்தகத்தை மூடி வைத்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக் காத்திருந்தார்கள். விளக்கைக் குறைக்க அவள் எழுந்திருக்கவில்லை.