அந்தோனியார் கிணற்றில் குளோரின்

கொழும்பில் மகள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் குளோரின் மணம் அடிக்கிறது. இந்த மாதம் மட்டும் மூன்று தரம் முறைப்பாடு செய்துவிட்டேன். யாருக்கும் அக்கறையில்லை. எனக்கோ அந்த மணம் வந்தால் எங்கள் ஊரான கரம்பொன்னில், அந்தோனியார் கோயில் கிணற்றடியில் நின்ற அப்பாதான் நினைவுக்கு வருகிறார்.

அறுபதுகளில் ஒருமுறை ஊரில் வயிற்றோட்டம் பரவியது. கிணற்றுக்குக் குளோரின் போடச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அந்தோனியார் பெயரால் ஆசீர்வதித்த கிணறு என்று சனம் அவரை மறித்தது.

குடத்தோடு நின்ற மதலேன் அக்கா அப்பாவிடம் கேட்டார். அக்காவின் மகன் இரண்டு நாட்களாகப் படுக்கையில் கிடந்தான்.

"மாஸ்டர், நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறனீங்கள். அந்தோனியாற்றை தண்ணியிலை கிருமி இருக்குமோ?"

வகுப்பில் கரும்பலகை நிறையக் கிருமிகளை வரைகிற அப்பா, சனத்தைப் பார்த்தார், சால்வையைச் சரிசெய்தார்.

"அது வேறை, இது வேறை. விசுவாசம் இருந்தால் ஒண்டும் செய்யாது."

பின்னால் வந்து நின்ற பங்குச் சுவாமியார் சிரித்தார்.

"எனக்குச் சொல்லாததை அந்தோனியார் உமக்கு எப்ப சொன்னவர், மாஸ்டர்?" என்றவர், பரிசோதகரிடம் திரும்பினார். "நீர் குளோரினைப் போடும். கோவிச்சால் அவர் என்னோடை கோவிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். மதலேன் அக்கா மட்டும் அப்பாவின் பக்கத்தில் நின்ற சிறுவன் என்னிடம் குனிந்தார்.

"தம்பி, உங்கடை வீட்டிலை இந்தத் தண்ணியை எப்பிடிக் குடிக்கிறனீங்கள்?"

"கொதிக்க வைச்சுத்தான் அக்கா. அப்பா சொன்னவர்."

அவர் நிமிர்ந்தார். நிரப்பிய குடத்தை அப்பாவின் காலடியில் கவிழ்த்துவிட்டு நடந்தார்.

வீடு வரும்வரை அப்பாவின் ஈரச் செருப்பு சத்தமிட்டது. நான் பத்தடி தள்ளியே நடந்தேன்.