கரமடிக் கயிறும் முப்பத்தாறு படங்களும்

சனிக்கிழமை, காலை 5.20. நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் செல்லும் நகரப் பேருந்து. தொலைவு சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். மனைவி பகவதிக்குப் பயணம் இலவசம், எனக்குப் பதின்மூன்று ரூபாய்.

"முக்காலிக்கும் டிக்கெட் உண்டு சாரே" என்றார் நடத்துநர், என் கேமரா முக்காலியைக் காட்டி. கட்டணமின்றிக் கொண்டுசெல்லும் சுமைக்கான விதியை விளக்கத் தொடங்கினேன்.

"அய்யோ, தமாசுக்குச் சொன்னேன்" என்று முன்படிக்குத் தப்பினார்.

ஓய்வுபெற்றபின் விடியலில் நடந்து படமெடுப்பது என் வழக்கம். குளத்துக் கொக்கு, சிதறால் பாறையில் விழும் முதல் வெயில் எல்லாம் என்னிடம் உண்டு. பகவதி மட்டும் இல்லை. குற்றம் என்னுடையது. திருமணமான புதிதில் இதே இராஜாக்கமங்கலம் கடற்கரையில் அவளை முப்பத்தாறு படம் எடுத்தேன். பிலிமின் நுனி கேமராவின் பல்சக்கரத்தில் மாட்டவில்லை. எண்காட்டி மட்டும் ஒழுங்காக ஓடியது. கையேட்டை இருமுறை படித்தவன் நான்! வெற்றுச் சுருள் திரும்பி வந்த நாள் முதல் அவள் என் கேமராமுன் நின்றதில்லை. அடுத்த வாரம் மகனோடு வசிக்கக் கோயம்புத்தூர் போகிறோம். அதற்குள் ஒரு படமாவது வேண்டும். கேட்டால் மறுப்பாள் என்பதால், நடக்கப் போகலாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

6.10. சந்திப்பில் இறங்கி, கடற்கரையிலுள்ள துறைக்கு ஆட்டோ, எண்பது ரூபாய். மூடுபனியில் ஆறு கடலைச் சேரும் பொழிமுகம் பால் நிறமாகக் கிடந்தது. அன்று அவள் சாய்ந்து நின்ற தென்னை இருந்த இடத்தில் இன்று கடலரிப்புத் தடுப்புக் கற்கள்.

6.40. கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் கயிற்றை இழுத்து, கடலில் விரித்த பெருவலையைக் கரைசேர்த்துக்கொண்டிருந்தார்கள். கரமடி.

"ஏலே மக்கா, வலிங்கலே!" என்று அதட்டிய பெரியவர் எங்களைப் பார்த்தார். "சாரே, ஆளு கொறவு. வந்து ஒரு கை பிடிக்கப்பிடாதா?"

நான் ஒளியை அளந்துகொண்டிருந்தேன். பகவதி சேலையை இடுப்பில் செருகிக் கயிற்றைப் பிடித்துவிட்டாள். அலை முழங்காலில் அடிக்க, முன்னால் நின்ற பெண் ஏதோ சொல்ல, தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள். சூரியன் சரியான கோணத்தில் இருந்தது. பதினான்கு படம் எடுத்தேன். ஒவ்வொன்றும் விழுந்ததா என்று சரிபார்த்தேன்.

வலை கரையேறியதும் பெரியவர் அவள் கையில் ஒரு பை சாளை மீனைக் கொடுத்தார். நானும் கை நீட்டினேன்.

"கயிறு தொட்டவங்களுக்குத்தான் பங்கு சாரே."

"அவிய கண்ணால வலிச்சாவ" என்றாள் பகவதி. கரையே சிரித்தது. விதி விதிதான். கையை மடக்கிக்கொண்டேன்.

8.05. திரும்பும் பேருந்தில் அவளே கேட்டாள்: "நைசா எடுத்தியல்லா? காட்டுங்க."

காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"எங்கம்மையப் போலல்லா இருக்கேன்."

"அழிச்சிடவா?"

"சும்மா இருங்க." திரையை விரலால் துடைத்தாள். "அன்னைக்கு எடுத்த படத்துலயும் நான் இப்படிச் சிரிச்சேனா?"

"இப்படியேதான்" என்றேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்தேன். ஆவணம் இல்லாத வாய்ச்சொல்லை ஒருநாளும் ஏற்றதில்லை. அவள் ஏற்றுக்கொண்டாள்.