பதினொரு பேர்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நகரம், அந்தப் பக்கம் இன்னொன்று. எது பெரியது என்பதில் இரண்டுக்கும் எப்போதும் ஏட்டிக்குப் போட்டிதான். இக்கரைப் பள்ளியின் கணக்கு டீச்சருக்கு அந்த வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை வந்தது. ஒரு மாதம் மாடிப்படி ஏறி இறங்கிக் கால் ஓய்ந்தபின், கடைசியாகத் தன் வீட்டுப் படிவத்தோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்.

"பையன் பேரையும் சேர்த்து எழுது. நம்ம ஊர் முந்த வேண்டாமா?" என்றார் கணவர்.

"அவன் அக்கரைக்குக் குடிபோய் ஒரு வருஷம் ஆச்சுங்க."

"வாரா வாரம் வந்து சாப்பிடுறானே!"

"சாப்பிட வர்றவங்களையெல்லாம் எழுதினா, உங்க சீட்டாட்டக் கூட்டாளிங்களையும்தான் எழுதணும்."

டீச்சர் கொஞ்சம் தயங்கிவிட்டு, இரண்டு பேர் என்று எழுதினார்.

சில மாதங்களில் முடிவு வந்தது. பதினொரு பேர் வித்தியாசத்தில் அக்கரை முந்திவிட்டது. அன்று மாலையே மகன் போன் செய்தான்.

"அம்மா, உங்க ஊரை ஜெயிச்சுட்டோம்!"

'உங்க ஊர்' என்றது டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. தான் எழுதியது சரிதான் என்பது அப்போதுதான் மனதுக்கும் உறைத்தது.

"ரொம்ப ஆடாதடா, அடுத்த தடவை பார்த்துக்கிறோம்" என்று சிரித்தார்.