சாண் அகலத் தொட்டிக்குத் தவளை

அப்பா முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக். படுக்கையில் விழுந்த பிறகு, தலைமாட்டில் ஒரு சாண் அகலக் கண்ணாடித் தொட்டியில் பாசியும் குட்டிச் செடிகளும் வளர்த்தார். அதில் இரண்டு தவளைகளைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். டாக்டர் பத்து நாள்தான் கெடு கொடுத்திருந்தார்.

அந்தத் தொட்டிக்குக் கட்டைவிரல் நகம் அளவே வளரும் இனம்தான் சரி. வளர்ப்புப் பிராணிக் கடைக்காரர் கையை விரித்தார். "அது வர மூணு வாரம் ஆகும் சார். இந்த மரத்தவளைக் குட்டிங்கதான் இருக்கு. இப்போதைக்குச் சின்னதுதான்."

இரண்டு வாங்கிவந்து அப்பாவிடம் காட்டினேன். அவர் அவற்றின் பின்னங்கால்களையே பார்த்தார்.

"எவ்வளவு வளரும்?"

"உள்ளங்கை அளவு. அதுக்கு ஆறு மாசம் ஆகும்பா. அதுவரைக்கும் தொட்டி போதும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அப்பா சிரித்தார். "உன் இன்ஜினியர் கணக்கு சரிதான்டா. எனக்குப் போதும். அதுங்களுக்கு? லிஃப்டுல மாட்டிக்கிட்ட எத்தனை பேரை வெளிய எடுத்திருக்கேன். என் தலைமாட்டுலயே ரெண்டை மாட்டி வைக்கச் சொல்றியே!"

"அப்புறம் பெரிய தொட்டி வாங்கிடறேன்பா."

"நீயா? செடிக்குத் தண்ணி தெளிக்கவே மறந்துடுவ. கொண்டுபோய்க் குடுத்துடு."

கெஞ்சினேன். அவர் மசியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னும் நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். அந்த நகமளவு இனம் எங்கும் கிடைக்கவில்லை.

எட்டாம் நாள் காலை அப்பா போய்விட்டார். முகம் தொட்டிப் பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே செடிகள் மட்டும்தான் இருந்தன.