அக்காவின் இரத்தம், என் நேர்த்தி

பல் துலக்கித் துப்பினேன். பேசின் முழுக்கச் சிவப்பு. என் எலும்பு மச்சை (எலும்புக்குள் இரத்தம் உருவாகும் பகுதி) வேலையை நிறுத்தியதால், அக்காவின் மூல உயிரணுக்களை (புது இரத்தத்தை உண்டாக்குபவை) ஏற்றிக்கொண்டு மாத்தளைக்குத் திரும்பிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எல்லாம் முடிந்தது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

அக்காவோடு கண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிளேட்லெட் (இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள்) அதலபாதாளத்தில் கிடந்தது. "சில பேருக்கு இது மெதுவாத்தான் ஏறும், பொறுங்க," என்றார் டொக்டர். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். கதிர்வீச்சு செலுத்திய தட்டணுக்களை (பிறருடைய வெள்ளணு நம்மைத் தாக்காமலிருக்க இந்த ஏற்பாடு) ஏற்றினார்கள். மென்மையான பிரஷ், சவர பிளேட் கூடாது, கேட்காமல் வலி மாத்திரை கூடாது. இந்தச் சிகிச்சை எடுத்தால் உங்களுக்கும் இதையே சொல்வார்கள். தயவுசெய்து கேளுங்கள்.

எனக்கு வேறு கவலை. பிழைத்தால் மாசி மகத்தன்று கன்னத்தில் அலகு குத்துவதாக முத்துமாரியம்மனுக்கு நேர்ந்திருந்தேன். அதைச் சொன்னதும் டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இப்ப குத்துனா இரத்தம் நிக்காது. உயிருக்கே ஆபத்து."

"அம்மனுக்குக் குடுத்த வாக்கு, டொக்டர்."

அக்கா குறுக்கிட்டாள். "இவனுக்கு இப்ப என் குரூப்தானே, டொக்டர்?"

"ஆமா, ஒங்க குரூப்புக்கு மாறிக்கிட்டு வருது."

"அப்ப ஓடுறது என் இரத்தம். நேர்த்திய நான் செஞ்சிர்றேன். நீ வாய மூடிக்கிட்டு இரு, தம்பி."

டொக்டர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

பிறகு ஒரு பரிசோதனையில் எண்ணிக்கை ஏறியிருந்தது, யாருடைய தட்டணுவும் ஏற்றாமலே. அடுத்ததில் இன்னும் மேலே. திரும்பும் ரயிலில், முகக்கவசத்துக்குள்ளிருந்தே பக்கத்திலிருந்தவரிடம் முழுக்கதையும் சொன்னேன். பாவம், உக்குவளையில் இறங்க வேண்டியவர் மாத்தளை வரை வந்துவிட்டார்.

மாசி மகத்தன்று காலை, அனுமதியோடு முதல் சவரம். தாடையில் சின்னக் கீறல். பஞ்சை வைத்து அழுத்தி, பயந்து பயந்து எடுத்தேன். இரத்தம் நின்றிருந்தது. நான் போட்ட சத்தத்தில் வீடே கூடிவிட்டது.

கூட்டத்துக்குள் போகத் தடை என்பதால், முகக்கவசத்தோடு எங்கள் மளிகைக் கடை மாடியில் நின்றேன். அம்மன் தேருக்கு முன்னால் அக்கா கன்னத்தில் வேலோடு வந்தாள். நேர்த்தி முடிந்ததும் கன்னத்தில் திருநீறோடு படியேறி வந்தாள்.

"இரத்தம் வந்துச்சாக்கா?"

அவள் என் தாடையைத் திருப்பிப் பார்த்தாள். "ஒனக்கே நின்னுருச்சு. எனக்கு நிக்காதா?"

எனக்கு நாற்பத்தாறு வயது. எனக்குள் ஓடும் இரத்தத்துக்கு இன்னும் ஒரு வயதாகவில்லை. அதன் முதல் பிறந்தநாளுக்கு இப்போதே கேக் சொல்லிவிட்டேன்.